பையனுக்கு வாங்கிய கனப் போர்வை: ஏழு மாத அனுபவம்

எங்கள் குடோனில் பெட்ஷீட் பண்டல்களுக்கு நடுவே ஒரு ஆள் ஒடுங்கி உட்காரும் அளவுக்கு ஒரு சந்து உண்டு. போன ஆடி மாதம் ஒருநாள் பொழுதோட பையனைக் காணோம் என்று தெருவெல்லாம் தேடிவிட்டு, கடைசியில் அங்கேதான் கண்டுபிடித்தோம். அரைமணி நேரத்துக்கு முன்புதான் வீட்டில் டிபன் கேரியரைச் சுவரில் எறிந்து, தங்கச்சியைத் தள்ளிவிட்டு, தொண்டை கட்டும்வரை கத்தியிருந்தான். இப்போது சந்துக்குள் குத்தவைத்து, நாலைந்து போர்வைகளை மடிப்புக் கலையாமல் இழுத்து மேலே போட்டுக்கொண்டு, முகத்தை மட்டும் வெளியே வைத்து உட்கார்ந்திருந்தான். கண்ணீர் காய்ந்திருந்தது. மூச்சு சீராக இருந்தது. "வா கண்ணு, வீட்டுக்குப் போலாம்" என்றேன். "சித்தெ இருக்கறேன்ப்பா" என்றான். கத்தி முடித்த நாளில் அவன் அவ்வளவு நிதானமாகப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

பையனுக்கு எட்டு வயது, 23 கிலோ. ஆறரை வயதில் கோயமுத்தூரில் ஒரு குழந்தை வளர்ச்சி மருத்துவர் ஏடிஹெச்டி, அதாவது கவனத்தை ஒன்றில் நிறுத்தவும் துறுதுறுப்பை அடக்கவும் சிரமப்படுகிற நிலை, என்று சொன்னார். நான் சென்னிமலையில் எட்டுத் தறி வைத்துப் பெட்ஷீட் ஓட்டுகிறேன். துணி பற்றி நான் எழுதுவதைத் தொழில்காரன் சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம். பையனைப் பற்றி எழுதுவது ஒரு அப்பன் கண்ணால் பார்த்தது, அவ்வளவுதான்.

குடோன் விஷயத்தை ஈரோட்டில் நாங்கள் வாரம் ஒருநாள் போகும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் (அன்றாடக் காரியங்களுக்குப் பிள்ளைகளைப் பழக்குபவர்) சொன்னேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "உங்க பையன் தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கிட்டான்" என்றார். உடம்பின்மேல் சீராக அழுத்துகிற கனம் சில குழந்தைகளை நிதானத்துக்குக் கொண்டுவருமாம். அதற்கென்றே உள்ளே கனம் அடைத்துத் தைத்த போர்வையை வெயிட்டட் பிளாங்கெட் என்று விற்கிறார்கள் என்றும் சொன்னார். பண்டல் சரிந்தால் ஒன்றொன்றும் இருபது கிலோ. அந்தப் பயத்திலேயே அன்று ராத்திரி போர்வைக்கு ஆர்டர் போட்டேன். வந்ததும் அதற்குப் பையன் வைத்த பெயர் கனப் போர்வை. எங்கள் வீட்டில் இப்போது அதுதான் பெயர்.

அளவு 36க்கு 48 அங்குலம், எடை 2.3 கிலோ, விலை 2,400 ரூபாய். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு, அது எங்களுக்குச் சரியாக வந்தது. வளரும் பிள்ளைதானே, நாலு கிலோவாக வாங்கிவிடலாம் என்று, தீபாவளிக்குச் சட்டை எடுப்பதுபோல் நினைத்திருந்தேன். தெரபிஸ்ட் அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. குழந்தை தன் கையால் தூக்கி விலக்க முடியாத கனம் அதன்மேல் இருக்கவே கூடாது என்றார். கைக்குழந்தைக்கும், இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கும் எந்த அளவிலும் கூடாது. எங்கள் பாப்பாவுக்கு மூன்று வயது என்பதால் அவள் தூங்கும் அறைக்குள் அந்தப் போர்வையைக் கொண்டுபோவதே இல்லை.

பெட்டியைப் பிரித்ததும் என் கை துணிக்குத்தான் போயிற்று. மேலுறை பாலியஸ்டர். புள்ளி புள்ளியாக மேடு வைத்த மெத்துத் துணி, தொட்டால் நன்றாகத்தான் இருந்தது. உள் போர்வை நூறு சதம் காட்டன் என்று பெட்டியில் போட்டிருந்தார்கள். ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வந்து, சாம்பல் தொட்டால் உதிரும். இது ஓரத்தில் உருகிக் கடுகுபோல் கட்டியானது. கலப்பு நூல். பொய் எழுதி விற்றிருக்கிறார்கள் என்பதுதான் என் முதல் குறை.

உள்ளே குறுமணல் அளவில் கண்ணாடி மணிகள். மணி எல்லாம் ஒரே பக்கம் போய்ச் சேராமலிருக்க நாலு அங்குலக் கட்டங்களாகத் தைத்திருந்தார்கள். யோசனை நல்லது. தையலை எண்ணினேன், அங்குலத்துக்கு ஆறு. மணி அடைத்த துணிக்குப் பத்தாவது வேண்டும், அதுவும் இரட்டைத் தையல். அன்றே மனைவியிடம், "இது மூணு மாசம் தாங்கினா பெரிசு" என்றேன். மூன்றாம் மாதம் ஒரு மூலை விட்டுப்போய், காலையில் பார்த்தால் தரையெல்லாம் மணி. பாப்பா குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். மனைவி ஈரத்துணியால் மூன்று முறை துடைத்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. விற்றவர்களுக்குப் படத்தோடு எழுதினேன். திருப்பி அனுப்பும் நாள் முடிந்துவிட்டது என்று ஒரு வரி வந்தது. அப்புறம் நான் எழுதிய எதற்கும் பதில் இல்லை.

மேலுறையின் ஜிப் பற்றி இதைவிடக் கவலையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. 2022 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு பெரிய கடைத்தொடர், குழந்தைகளுக்கு விற்ற கனப் போர்வைகளை இரண்டு லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற்றது. நாலு வயது, ஆறு வயதுச் சிறுமிகள் இருவர் ஜிப்பைத் திறந்து உறைக்குள் புகுந்து, வெளியே வர முடியாமல் மூச்சுமுட்டி இறந்துபோனதுதான் காரணம். படித்த அன்றே எங்கள் உறையின் ஜிப்பைப் பிரித்தெடுத்து, அந்த வாயை மூடித் தைத்துவிட்டேன். நீங்களும் ஜிப் வைத்தது வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

சரி, போர்வை பலன் கொடுத்ததா?

முதல் தடவை இல்லை. வந்து நாலாம் நாள், வீட்டுப்பாடத்தில் தொடங்கிய சண்டை முற்றி, பையன் நோட்டைக் கிழித்து எறிந்து உச்சத்தில் கத்திக்கொண்டிருந்தபோது, இதற்குத்தானே வாங்கினோம் என்று போர்வையை எடுத்துப்போய் அவன் தோள்மேல் போட்டேன். உதைத்துத் தள்ளி, "என்னைக் கட்டிப்போடறீங்களா?" என்று அலறினான். இருபது நிமிடத்தில் அடங்கியிருக்க வேண்டியது ஒன்றேகால் மணிநேரம் ஓடியது. அந்த வாரம் தெரபிஸ்ட்டிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கனடாவில் கியூபெக் மாகாணத்தில் 2008-ல் நடந்ததை அப்போதுதான் சொன்னார். பள்ளியில் ஒன்பது வயதுப் பையன் ஒருவனை அமைதிப்படுத்தக் கனப் போர்வையில் சுருட்டி வைத்திருக்கிறார்கள், அவன் உயிரோடு மீளவில்லை. கேட்டதிலிருந்து நாங்கள் அதை அவன்மேல் போடுவதே இல்லை. அவன் பக்கத்தில் தரையில் வைப்போம். எடுப்பதும் விடுவதும் அவன் இஷ்டம். தலையை மூட விடுவதில்லை. அவன் போர்த்தியிருக்கும்வரை பெரியவர் ஒருவர் அந்த அறையை விட்டு நகர்வதில்லை.

இந்தப் போர்வை கோபம் உச்சத்தில் இருக்கும்போது உதவாது. கோபம் உடைந்து இறங்கத் தொடங்கிய பிறகுதான் உதவும். அந்த நேரத்தை அடையாளம் காணவே எங்களுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. கத்தல் அழுகையாக மாறும், இறுக்கிய கை விரியும், தோள் கீழே இறங்கும். அதுவரை நாங்கள் செய்வது கொஞ்சம்தான். பாப்பாவை மனைவி சமையலறைக்குக் கூட்டிப்போவாள். எறியக்கூடியதை எல்லாம் நான் எடுத்து வைத்துவிட்டு, நாலடி தள்ளித் தரையில் உட்காருவேன். பேசமாட்டேன். இந்தப் பேசாமலிருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஏன்டா இப்படிப் பண்றே என்று வாய்வரை வரும். அந்த நேரத்தில் ஏன் என்று கேட்டால் அவனிடம் பதில் இருக்காது.

டாக்டர் இதை எனக்கு விளக்கியிருந்தார். அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் செய்து 2007-ல் வெளியான ஒரு ஆய்வில், மூளையின் மேலுறை தடித்து முதிர்கிற அளவை எட்ட மற்றக் குழந்தைகளுக்கு ஏழரை வயது ஆனதென்றால், ஏடிஹெச்டி உள்ள குழந்தைகளுக்குப் பத்தரை ஆகியிருக்கிறது. அதிகம் பின்தங்கியது, முன்யோசனையும் அடக்கமும் தருகிற முன்பகுதி. "வளர்த்தி இருக்குது, மெதுவா இருக்குது" என்று டாக்டர் சொன்னபோது எனக்குப் பாதி வெசனம் குறைந்தது. இன்னொன்றும் சொன்னார். காலையில் போடும் மாத்திரையின் வேகம் இறங்குகிற சாயங்கால நேரத்தில் சில பிள்ளைகளுக்குச் சிடுசிடுப்பு கூடும். எங்கள் வீட்டுச் சண்டைகளை எண்ணிப் பார்த்தால் முக்கால்வாசி ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவில்தான் வரும்.

தைப்பூசத் தேர் அன்று நடந்ததைச் சொல்லியாக வேண்டும். தேர் இழுப்பதைத் தோள்மேல் உட்காரவைத்துக் காட்டுகிறேன் என்று பத்து நாளாகச் சொல்லி வைத்திருந்தேன். அன்று வீடு நிறைய ஒறம்பரை, சொந்தக்காரர்கள். சாப்பாடு, பேச்சு என்று நேரமாகி, கூட்டத்தில் புகுந்து போவதற்குள் அன்றைய இழுப்பு முடிந்து தேர் நின்றுவிட்டது. வீடு திரும்பும்வரை பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. வாசல்படி ஏறியதும் பாப்பா கையிலிருந்த பலூனைப் பிடுங்கி மிதித்து உடைத்தான். அப்புறம் செருப்பு ஸ்டாண்டு. அப்புறம் கத்தல். நடுவீட்டில் பதினைந்து பேர். "ரெண்டு வெச்சா அடங்கிருவான்" என்றார் ஒரு பெரியம்மா. என் அம்மா மிளகாய் சுற்றிப்போட அடுப்பைப் பார்த்து எழுந்தார். மனைவிதான் நிதானமாகச் சொன்னாள்: "விடுங்க பெரியம்மா, அவனே வருவான். எல்லாரும் திண்ணைக்குப் போய்ச் சித்தெ உக்காருங்க." அத்தனை பேரையும் வெளியே அனுப்பியது போர்வையைவிடப் பெரிய உதவி. அம்மாவிடம், சுத்திப்போடறதைக் காலையில் வெச்சுக்கலாம்மா என்று மட்டும் சொன்னேன். புகையில் இருமல் வந்தால் அவனுக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்பது பட்டுத் தெரிந்துகொண்டது. பேரன்மேல் அம்மாவுக்கு இருக்கிற பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கத்தல் அழுகையானதும் லைட்டை அணைத்தேன். ஒரு சொம்பு பானைத் தண்ணியும் போர்வையும் அவன் பக்கத்தில் வைத்தேன். இரண்டு நிமிடம் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் கை நீட்டி இழுத்து, முதுகோடு தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டான். விக்கல் மெல்ல இடைவெளி விட்டது. தண்ணீர் குடித்தான். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பதினெட்டு நிமிடம். அவனே பேசினான்: "பாப்பா பலூன் ஒடஞ்சிருச்சாப்பா?" ஆமா கண்ணு என்றேன். "தேர் பாக்கலைன்னு வெசனமா இருந்துச்சா?" என்று கேட்டேன். தலையாட்டினான். மேற்கொண்டு அன்று எதுவும் பேசவில்லை. மறுநாள் காலையில் அவனே பலூன் வாங்கிக் கொண்டுவந்து பாப்பாவிடம் கொடுத்தான். செருப்பு ஸ்டாண்டை நானும் அவனுமாக நிமிர்த்தி ஆணி அடித்தோம். நடந்ததைப் பற்றிய பேச்சு பைக்கில் போகும்போதுதான். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் அவனுக்கு அங்கே பேச வருகிறது.

தறிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொன்றையும் குறித்து வந்தேன். ஏழு மாதத்தில் பெரிய சண்டை 31. அதில் 4 வெளியிடத்தில் வந்ததால் கையில் போர்வை இல்லை. மீதி 27-ல் அவனாகப் போர்வை எடுத்தது 19, வேண்டாம் என்று தள்ளியது 8. எடுத்த நாட்களில் கத்தல் நின்றதிலிருந்து சோற்றுக்கு வந்து உட்காரும்வரை இருபது, இருபத்தைந்து நிமிடம். போர்வை வாங்கும் முன் இது ஒருமணி நேரத்துக்குக் குறைந்ததில்லை, பல நாள் சாப்பிடாமலே தூங்கிவிடுவான். ஆனால் மார்கழியில் டாக்டர் மாத்திரை அளவை மாற்றினார், நாங்களும் பேசாமலிருக்கப் பழகினோம். இதில் போர்வையின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

ராத்திரித் தூக்கத்துக்கு என்று வாங்குபவர்களுக்கு ஒன்று. பிரிட்டனில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளை வைத்துச் செய்து 2014-ல் வந்த சோதனையில், கனப் போர்வையால் தூங்கும் நேரம் கூடவில்லை. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அது பிடித்திருந்தது, அவ்வளவுதான். 2020-ல் ஸ்வீடனில் 120 பேரிடம் நாலு வாரம் பார்த்ததில் தூக்கமின்மை நன்றாகவே குறைந்தது. அவர்களிலும் ஏடிஹெச்டி உள்ளவர்கள் இருந்தார்கள், ஆனால் எல்லாரும் பெரியவர்கள், போர்வையும் சங்கிலி வைத்த வேறு வகை. எங்கள் பையன் தூக்கத்தில் அதை உதைத்துத் தள்ளிவிடுவான். நாங்களும் ராத்திரிக்குக் கொடுப்பதில்லை.

துவைப்பது பெரும்பாடு. நனைந்தால் தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஐப்பசி மழையில் இரண்டு நாளாகியும் காயாமல் ஒருவித வாடை வந்துவிட்டது, கொடிக்கயிறும் இறங்கிவிட்டது. பங்குனி பிறந்ததும் அடுத்த பிரச்சினை. நம்ம ஊர் வெயில் நாற்பது டிகிரிக்குப் போகும்போது பாலியஸ்டர் உறையை எந்தக் குழந்தை போர்த்திக்கொள்ளும்? இரண்டு நிமிடத்தில் வேர்த்துக் கழற்றி எறிந்தான். வேர்வையின் எரிச்சலே அடுத்த கத்தலுக்கு வழிவைத்தது. ஆன்லைனில் விற்பவர்கள் ஏசி அறையை நினைத்துச் செய்கிறார்கள் போலிருக்கிறது.

அதற்கு மாற்றுத் தேடினோம். எங்கள் தறியில் ஓடும் போர்வையை எடைபோட்டால் ஒன்று 900 கிராம் வருகிறது. மூன்றை மடித்துக் கொடுத்துப் பார்த்தேன். விறைப்பாக நிற்கிறது, உடம்போடு படிவதில்லை. அடுத்து, மனைவி ஒரு தலையணை உறையில் ராகியை அடைத்து மூட்டினாள். கனமும் பதமும் அருமை, குளுமையாகவும் இருந்தது, பையன் மடியில் வைத்து விரலால் நெருடிக்கொண்டே இருந்தான். பத்தாம் நாள் வண்டு விழுந்தது, பதிமூன்றாம் நாள் எலி கடித்துவிட்டது. தானியம் அடைப்பவர்கள் அதைத் துவைக்க முடியாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் அந்தப் பழைய போர்வையையே பிரித்துவிட்டோம். எங்கள் பெட்ஷீட்டுக்கு ஓரம் அடித்துத் தரும் டெய்லர் அக்காவிடம் மணிகளை ஒரு சம்படத்தில் போட்டுக் கொண்டுபோனேன். "ஏனுங்க தம்பி, இதென்ன மணலா?" என்று கேட்டுவிட்டு, விஷயத்தைச் சொன்னதும் மிஷினை நிறுத்திவிட்டு முழுதாகக் கேட்டார். நெருக்கமாக நெய்த காடாத் துணியை இரட்டையாக வைத்து, சின்னச் சின்ன அறைகளாக, அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல் போட்டுத் தந்தார். அதன்மேல் எங்கள் தறியில் ஓடிய பருத்தித் துணியில் உறை. ஜிப் இல்லை, நாலு மூலையிலும் நாடா. 14க்கு 20 அங்குலம், 1.2 கிலோ. மடியிலோ தோளிலோ போட்டுக்கொள்ளலாம், வேர்ப்பதில்லை, உறையை மட்டும் கழற்றித் துவைக்கலாம். தையல்கூலி 350 ரூபாய். இரண்டு மாதமாக ஒரு மணிகூட வெளியே வரவில்லை. கடையில் வாங்கியதற்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் தருவேன். இதற்கு நாலரை. தோள் முழுக்க மூடாததால் அரை குறைத்தேன், பழையது முதுகையும் சேர்த்து அணைக்கும்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் பணம் கட்ட வேண்டாம். மடித்த இரண்டு கெட்டிப் போர்வையைப் பிள்ளையின் பக்கத்தில் வைத்து, அதுவாக இழுத்துக்கொள்கிறதா என்று ஒரு வாரம் பாருங்கள். கனம் பிடிக்காத பிள்ளைகளும் உண்டு. அதே தெரபிஸ்ட்டிடம் வரும் இன்னொரு பையனுக்கு இது ஆகவே ஆகாதாம். அவன் ஆடி நோம்பிக்குக் கட்டிய தூரியை (ஊஞ்சலை) வருடம் முழுக்க அவிழ்க்காமல் வைத்து, அதில் ஆடித்தான் ஆறுகிறானாம். மூச்சுத் தொந்தரவோ வலிப்போ இருக்கிற பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்காமல் கனம் எதுவும் வைக்க வேண்டாம்.

மீதி மணி முக்கால் கிலோவுக்கு மேல் இருக்கிறது. அதில் இன்னொன்று தைக்கக் கொடுத்திருக்கிறேன், இந்தத் தடவை உறையின் நிறத்தைப் பையனே தேர்ந்தெடுத்தான், மயில்நீலம். அது பள்ளிக்கு. வகுப்பு டீச்சர் தன் அலமாரியில் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். வேண்டும்போது கை தூக்கிக் கேட்டால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று அவனிடம் அவரே சொன்னார். ஜூனில் பள்ளி திறந்து ஒரு மாதம் ஆனதும் அது எப்படிப் போகிறது என்று இதிலேயே சேர்த்து எழுதுகிறேன்.